செங்கல் களிமண்ணில் ஒரு டைனோசர்: ஆக்ஸ்போர்டில் நான்கு நாள்

முதல் நாள், செவ்வாய்

ரீடிங்கிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். அதற்குள் சித்தப்பா வழியில் தெரிந்த அத்தனை வீட்டுச் சுவர்களையும் பார்த்து முடித்துவிட்டார். திருவள்ளூர் பக்கம் 30 வருஷம் செங்கல் சூளை நடத்தியவர். தம்பி வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார். "இந்த ஊர்ல சுவருக்குப் பூச்சே கிடையாது, கவனிச்சியாம்மா? கல்லை அப்படியே வெளிய காட்டுறாங்க. கல் நல்லா வெந்திருந்தாத்தான் அந்தத் தைரியம் வரும்" என்றார்.

அவரை அழைத்துவர எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் ஒரு டைனோசர் எலும்புக்கூடு இருக்கிறது, பல வருஷமாகப் பார்க்க ஆசை என்று சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். அது செங்கல்லுக்கு மண் வெட்டிய குழியில் கிடைத்தது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த மண்ணு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அந்த டைனோசரின் பெயர் யூஸ்ட்ரெப்டோஸ்பாண்டிலஸ் ஆக்ஸோனியென்சிஸ். வாயில் நுழைய நேரம் எடுக்கும் பெயர், பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். ஆக்ஸோனியென்சிஸ் என்றால் ஆக்ஸ்போர்டுக்குரியது. ஜுராசிக் காலத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஊனுண்ணி. டி. ரெக்ஸ் பெயரைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். இதை டைனோசர் பிரியர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கௌலி சாலையில் எடுத்த அறையில் பையைப் போட்டுவிட்டு நேராகப் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனோம். அனுமதி இலவசம். 1860இல் திறந்த கட்டடம். உள்ளே நுழைந்ததும் கண் தானாக மேலே போகிறது: வார்ப்பிரும்புத் தூண்கள், அவற்றின் மேல் விரியும் கண்ணாடிக் கூரை. சுற்றிலும் உள்ள நடைக்கூடங்களில் நிற்கும் கல் தூண்கள் ஒவ்வொன்றும் பிரிட்டனின் வெவ்வேறு பாறையில் செதுக்கியவை. எந்தக் கல், எந்த ஊரிலிருந்து வந்தது என்று அடியிலேயே பொறித்திருக்கிறார்கள். கட்டடத்தையே நிலவியல் பாடமாகக் கட்ட வேண்டும் என்று யோசித்தவர் ஜான் பிலிப்ஸ், இந்த அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர். அவர் நம் கதைக்குள் திரும்ப வருவார்.

நடுக்கூடத்தில் டி. ரெக்ஸின் வார்ப்பு ஒன்று நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் முழுக்க அதைச் சுற்றித்தான். நாங்கள் தேடி வந்ததன் முன்னால் யாரும் இல்லை.

நீளம் சுமார் நாலரை மீட்டர். தாங்கிகளில் பொருத்தி நிற்க வைத்திருக்கிறார்கள். கருமை ஏறிய எலும்புகள். மண்டையோட்டின் துண்டுகள், முதுகெலும்புகள், இடுப்பு, மெலிந்த நீண்ட பின்னங்கால்கள். தாடையில் உள்நோக்கி வளைந்த பற்கள், கத்தரித்துப் பிய்க்கிற வகை. பக்கத்தில் நிற்கிற பெரிய உருவங்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் ஒல்லிப் பையன் மாதிரி தெரிகிறது. அப்படித் தெரிவதில் நியாயம் உண்டு, ஏனென்றால் இது முழுதாக வளராதது.

அது எப்படித் தெரியும் என்று சித்தப்பா கேட்டார். முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு பாகம்: கீழே உருளையான உடல், மேலே நரம்பு வடத்தை மூடும் வளைவு. இளம் விலங்கில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், வளர்ந்து முடிந்தபின் ஒன்றோடொன்று இணைந்துவிடும். இதில் அவை இணையவில்லை. சித்தப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "அதாவது சாந்து இன்னும் இறுகல." எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது.

இன்றைக்கு எவ்வளவோ பெரிய ஊனுண்ணிகளின் எலும்புகள் கிடைத்துவிட்டன. ஆனால் இது கிடைத்த 1870இல், ஐரோப்பாவில் பெரிய ஊனுண்ணி டைனோசர் ஒன்று இந்த அளவுக்கு எலும்புகளோடு கிடைத்ததே இல்லை. அப்போது எல்லோருக்கும் தெரிந்த மெகலோசாரஸுக்கே ஒரு தாடைத் துண்டும் கொஞ்சம் உதிரி எலும்புகளும்தான் இருந்தன. அப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்குத் தனக்கென்று ஒரு பெயர் கிடைக்க 94 ஆண்டுகள் ஆயின என்பதுதான் என்னை இங்கே இழுத்து வந்தது.

மூட மணி அடிக்கும்வரை நின்றோம். நாளை அது கிடைத்த இடத்துக்கு.

இரண்டாம் நாள், புதன்

காலையில் வெயில் அடித்தது, ஆனால் சூடு இல்லை. சித்தப்பா குல்லா, மஃப்ளர், அதற்கு மேல் தம்பியின் கோட்டு. பான்பரி சாலையில் வடக்கே நடந்தால் முக்கால் மணி நேரத்தில் சம்மர்டவுன். இன்று கடைகளும் பள்ளிகளும் பெரிய வீடுகளும் நிறைந்த புறநகர். 1870இல் ஊருக்கு வெளியே இருந்த இடம், அங்கே ஒரு செங்கல் களிமண் குழி இருந்தது.

அந்தக் குழியில் மண் வெட்டிய தொழிலாளர்கள்தான் எலும்புகளை முதலில் கண்டார்கள். ஜேம்ஸ் பார்க்கர் என்ற உள்ளூர்ப் புத்தக வியாபாரி அவற்றை வாங்கி, ஜான் பிலிப்ஸின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிலிப்ஸ் 1871இல் ஆக்ஸ்போர்டு வட்டார நிலவியலைப் பற்றி எழுதிய நூலில் எலும்புகளை விவரித்தார், பெயர் வைக்கவில்லை. அந்த வருஷங்களில் அவர் கையில் வேலை குறைவில்லை. ஊருக்கு வடக்கே கிடைத்த சீட்டியோசாரஸ் என்ற பெரும் தாவரவுண்ணியின் எலும்புகளை அப்போதுதான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1874இல் ஒரு கல்லூரிப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்துபோனார்.

செங்கல் குழி இருந்த சுவடு எங்கள் கண்ணில் படவில்லை. தெருத்தெருவாக நடந்தோம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சித்தப்பாவுக்கு இல்லை. அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: எங்கேயாவது மண்ணைத் தோண்டியிருக்கிறார்களா என்று.

ஒரு பக்கத் தெருவில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். "மேல சரளை. ஆறு கொண்டுவந்து போட்டது. அதுக்குக் கீழ பாரு." சரளைக்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் களி. அவர் சொன்னது சரிதான், இந்தப் பகுதி முழுக்கத் தேம்ஸ் பழைய காலத்தில் பரப்பிவிட்டுப் போன சரளைத் திட்டின் மேல் இருக்கிறது. அதன் அடியில் ஆக்ஸ்போர்டு களிமண். ஒரு கட்டி வேண்டும் என்று நான் கேட்டபோது வேலையாள் ஒருவர் காரணம்கூடக் கேட்காமல் மண்வெட்டியால் அறுத்துக் கொடுத்தார். சித்தப்பா அதைக் கைக்குட்டையில் வாங்கி, ஒரு துணுக்கைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே உருட்டினார். திரி போல நீண்டது, அறுந்து போகவில்லை.

"நல்ல மண்ணு. கொஞ்சம் மணல் சேர்க்கணும், இல்லன்னா காயறப்போ விரிசல் விடும்."

பக்கத்துப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி இந்த மண்ணின் கதையை அவருக்குச் சொன்னேன். இது கடலடிச் சேறு. இது படிந்த காலத்தில் இங்கே நிலமே கிடையாது. இன்றைய ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலும் அதில் சிதறிய தீவுகளுமாக இருந்தது. இந்தக் களியில் கிடைப்பதெல்லாம் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள், கணவாய் இனத்துப் பெலெம்னைட்டுகள், தடித்த சிப்பிகள், மீன்கள், நீண்ட கழுத்துக் கடல் ஊர்வன. நடுவே ஒரு தரைவாழ் வேட்டை விலங்கு எப்படி வந்தது? ஏதோ ஒரு தீவின் கரையிலோ ஆற்றங்கரையிலோ இறந்திருக்க வேண்டும். உடல் ஊதி மிதந்து, அலை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் அமிழ்ந்து சேற்றில் படுத்துவிட்டது. அது வழியெல்லாம் சிதறிப்போகாமல் இவ்வளவு எலும்புகளோடு தரைதொட்டது பெரிய காரியம்.

இந்த ஆக்ஸ்போர்டு களிமண்ணில் செங்கல்காரர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. இதன் அடி அடுக்கில், நம் விலங்கு கிடைத்த அடுக்குக்குக் கீழே, செத்துப்போன நுண்ணுயிர்களின் கரிமப் பொருள் நிறையச் சேர்ந்திருக்கிறது. பீட்டர்பரோ, பெட்ஃபோர்டு பக்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கொண்டு செங்கல் சுட்டபோது, கல்லுக்குள் இருக்கும் அந்தப் பொருளே பற்றி எரிந்து சூளையைச் சூடாக்கியது. வெளியிலிருந்து போட வேண்டிய எரிபொருள் மிகவும் குறைந்தது. லண்டனின் எத்தனையோ வீடுகள் அந்த ஃப்ளெட்டன் செங்கல்லில் கட்டியவை.

சித்தப்பா இட்லியைக் கீழே வைத்துவிட்டார். "கல்லு தானே வேகுதா?" இரண்டு முறை கேட்டார். சவுக்கு விறகுக்கும் நிலக்கரிக்கும் வருஷா வருஷம் கடன் வாங்கிய மனிதர். அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு அவராகச் சொன்ன ஒரு விஷயத்தை எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. மண்ணில் சிப்பியோ சுண்ணாம்புக்கல்லோ ஒரு பட்டாணி அளவு இருந்துவிட்டால்கூட, சூளையில் அது நீறிப்போகும். வெந்த கல்லில் பிறகு தண்ணீர் பட்டதும் உப்பிக் கல்லைப் பிளந்துவிடும். அதனால் மண் வெட்டுகிறவன், மிதிக்கிறவன், அச்சில் அடிக்கிறவன் எல்லோருக்கும் கண்ணும் விரலும் எப்போதும் கல் பொறுக்குவதிலேயே இருக்கும். "அவங்க பாக்காம விட்டிருக்கவே மாட்டாங்கம்மா. மண்ணுல மண்ணு இல்லாத எதுவும் எங்க கைக்குத் தெரியும். ஆனா பாத்தவுடனே தூக்கிக் கரையில எறியறதுதான் வழக்கம். இவங்க எறியல. ஒண்ணை எடுத்துவச்சிட்டு அடுத்ததைத் தேடியிருக்காங்க. முதலாளி கத்தியிருப்பான்."

முதலாளி கத்தினாரா என்பது யாருக்குத் தெரியும். ஆனால் சித்தப்பா சொன்ன அந்த இடம், ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைத் தேடிய இடம், எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. முதுகெலும்புக் கண்ணிகள் வரிசையாகக் கிடைக்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் மண்வெட்டியை ஓரம் வைத்துவிட்டுக் கையால் தோண்டியிருக்க வேண்டும். பார்க்கரின் பெயர் இருக்கிறது, பிலிப்ஸின் பெயர் இருக்கிறது. தொழிலாளர்கள் என்ற ஒரே சொல்லோடு கதை அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

மூன்றாம் நாள், வியாழன்

இன்று ஸ்டோன்ஸ்ஃபீல்டு. ஆக்ஸ்போர்டுக்கு வடமேற்கே, உட்ஸ்டாக் தாண்டி உள்ள சிறிய கிராமம். பஸ்ஸில் போனோம். இரவு உறைபனி பெய்திருந்தது, வயல்களெல்லாம் வெள்ளை.

நம் டைனோசர் கிடைத்த ஊர் இது அல்ல. அதன் பெயரை இத்தனை வருஷம் மறைத்து நின்ற மெகலோசாரஸின் ஊர். இங்கே பூமிக்கடியில் மெல்லிய பாளங்களாகப் பிளக்கும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. கிணறு போலக் குழி இறக்கி, உள்ளே தவழ்ந்து வெட்டி எடுத்து, ஓடாகக் கூரை வேய்ந்தார்கள். ஆக்ஸ்போர்டு கல்லூரிகள் பலவற்றின் கூரை இந்தக் கல்தான். அந்த வேலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. கிராமத்து வீட்டுக் கூரைகளில் இன்றும் அந்த ஓடு பாசி பிடித்துக் கிடக்கிறது. மேலே சின்ன ஓடு, கீழே வரவரப் பெரிய ஓடு.

கல்லைப் பிளக்கும் விதம் அழகானது. வெட்டிய கல்லை ஈரம் காயாமல் மண்போட்டு மூடி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் நல்ல உறைபனி விழும் என்று தெரிந்தால், நள்ளிரவானாலும் தேவாலய மணியை அடிப்பார்களாம். ஊரே எழுந்து ஓடி வந்து கற்களைத் திறந்து விரித்துப்போடும். கல்லுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரிய, படிவுக் கோடுகள் வாய் திறக்கும். பிறகு சுத்தியலால் லேசாகத் தட்டினால் போதும். சம்மர்டவுன் மாதிரிச் செங்கல் குழிகளிலும் பனிக்கு இதே மாதிரி ஒரு வேலை இருந்தது. இந்த நாட்டுச் செங்கல்காரர்கள் இலையுதிர் காலத்தில் மண்ணை வெட்டிக் குவித்து, குளிர்காலப் பனி அதைப் பொடியாக்கட்டும் என்று விட்டுவிட்டு, வசந்தத்தில்தான் அச்சில் அடிப்பார்கள்.

இந்தக் கற்சுரங்கங்களிலிருந்துதான் பல்லோடு கூடிய அந்தக் கீழ்த்தாடை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்போர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக்ஸ்போர்டு நிலவியலாளர் வில்லியம் பக்லாண்ட் 1824 பிப்ரவரியில் லண்டன் நிலவியல் சங்கத்தில் மெகலோசாரஸ், அதாவது பெரும் பல்லி, என்று அதற்குப் பெயர் வைத்தார். அறிவியல் முறைப்படி பெயர் பெற்ற முதல் டைனோசர் அதுதான். டைனோசர் என்ற சொல்லே அதற்கு 18 வருஷம் கழித்து, 1842இல்தான் வந்தது. அந்தக் கட்டுரைக்குத் தாடையை வரைந்தவர் மேரி மோர்லண்ட், மறு வருஷம் பக்லாண்டை மணந்தவர். அருங்காட்சியகத்தில் அந்தத் தாடை நேற்று முன்தினம் பார்த்தபோது கை அகலத் தூரத்தில் இருந்தது.

முதல் பெயர் என்பதால் வந்த வினை என்னவென்றால், அதற்குப் பிறகு ஐரோப்பாவில் எங்கே ஒரு ஊனுண்ணிப் பல்லோ எலும்போ கிடைத்தாலும் மெகலோசாரஸ் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஒரே மூட்டைக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டின மாதிரி. சம்மர்டவுன் எலும்புக்கூட்டை 1890இல் பல்கலைக்கழகம் வாங்கியபோது, ஆர்தர் ஸ்மித் வுட்வர்டு என்ற தொல்லுயிர் ஆய்வாளர் அதைப் பார்த்து மெகலோசாரஸ் என்றார். மின்சின்ஹாம்டன் என்ற ஊரில் நீர்த்தேக்கம் தோண்டியபோது கிடைத்த ஒரு சின்ன மண்டையோட்டையும் 1910இல் அவர் அதே மூட்டையில்தான் போட்டார். அது இன்று புரோசெரட்டோசாரஸ், டி. ரெக்ஸின் வம்சத்து மிகப் பழைய உறவுகளில் ஒன்று!

நம் விலங்கு அதற்கடுத்து இன்னொரு தப்பான வீட்டில் குடியிருந்தது. ஸ்ட்ரெப்டோஸ்பாண்டிலஸ் என்று பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் கிடைத்த ஒரு விலங்கு உண்டு. அதன் எலும்புகளை முதலில் முதலை எலும்புகளோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். இன்றைய முதலைகளின் முதுகெலும்புக் கண்ணியில் குமிழ் பின்பக்கம் இருக்கும், குழி முன்பக்கம். இதில் தலைகீழாக இருந்ததால் 'திருப்பிய முதுகெலும்பு' என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நொப்ச்சா என்ற ஹங்கேரிய ஆய்வாளர் ஆக்ஸ்போர்டு எலும்புக்கூட்டை அந்தப் பெயரின் கீழ் கொண்டுவந்தார்.

கடைசியில் 1964இல் அலிக் வாக்கர் என்ற ஆய்வாளர் இரண்டிலிருந்தும் பிரித்து எடுத்தார். முன்னால் 'யூ' சேர்த்து யூஸ்ட்ரெப்டோஸ்பாண்டிலஸ் என்றார். அந்தப் பெயர் வந்தது ஸ்காட்லாந்தில் கிடைத்த வேறொரு, இதைவிடப் பழைய ஊர்வனவற்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில். வேறு வேலையாக வந்தவர், போகிற வழியில் இவனுக்கும் பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எலும்பு எலும்பாக விவரிக்கும் முழு ஆய்வு சேட்லியர், பாரெட், பவல் மூவரும் சேர்ந்து வெளியிட்டபோது ஆண்டு 2008. குழியிலிருந்து எடுத்து 138 ஆண்டுகள்.

தேவாலயச் சுவர் ஓரமாகச் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மெகலோசாரஸும் இதுவும் ஒரே குடும்பம்தான், மெகலோசாரிடே. ஆனால் ஸ்டோன்ஸ்ஃபீல்டு கல் படிந்து பல லட்சம் ஆண்டுகள் கழித்துத்தான் சம்மர்டவுன் களிமண் படிந்தது. ஒன்றையொன்று பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

"பெரியப்பா பேரையே பிள்ளைக்கும் போட்டுக் கூப்பிட்டுட்டாங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டோம்.

நான்காம் நாள், வெள்ளி

மழை. மாலை ரயிலுக்குள் நேரம் இருந்ததால் மறுபடி அருங்காட்சியகம். சித்தப்பாதான் கேட்டார், கால் எலும்பை இன்னொரு தரம் பார்க்கணும் என்று.

வாசல் புல்வெளியில் முதல் நாள் அவசரத்தில் நாங்கள் தாண்டிப் போன ஒன்று இருந்தது. வரிசையாக மூவிரல் தடங்கள். 1997இல் ஆர்ட்லி என்ற இடத்தில், சுண்ணாம்புக்கல் குவாரியின் தரையில் கிடைத்த காலடித் தடங்களின் அச்சு இவை. மெகலோசாரஸ் நடந்தது என்று கருதுகிறார்கள். அங்கே கிடைத்த தடங்களில் ஒன்றை அளந்து, மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருந்த விலங்கு திடீரென்று 29 கிலோமீட்டர் வேகத்துக்கு ஓட்டம் பிடித்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். எதைக் கண்டு ஓடியதோ. 2024இல் அதே வட்டாரத்தில் டூவர்ஸ் பண்ணைக் குவாரியில் இன்னும் 200 தடங்கள் வெளிப்பட்டன. அங்கேயும் முதலில் உணர்ந்தது களிமண்ணை வழித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளிதான், வண்டிக்கு அடியில் மேடு மேடாகத் தட்டியது என்று. அவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

சித்தப்பா குடையைப் பிடித்துக்கொண்டு தடத்துக்குத் தடம் நடந்து பார்த்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவருக்கு இரண்டு எட்டு தேவைப்பட்டது.

உள்ளே போய் எலும்புக்கூட்டின் முன்னால் நின்றோம். பள்ளிக்கூடக் கூட்டம் இன்று இல்லை. நம் விலங்குக்குத் தடம் எதுவும் கிடைக்கவில்லை, முட்டை இல்லை, இரண்டாவது எலும்புக்கூடு இல்லை. வளர்ந்த ஒன்றைக் கண்ணால் கண்டவர் இல்லை. இந்த வகைக்கு உலகத்திடம் இருப்பது இந்த ஒரு பிள்ளை மட்டும். அதன் பாதத்தைச் சித்தப்பா ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். அங்கே களிமண் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று தேடியிருக்கிறார். சுத்தமாகத் துடைத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார்.

அறையைக் காலி செய்யப் போனபோதுதான் ஜன்னல் விளிம்பைக் கவனித்தேன். சம்மர்டவுன் மண்ணை அவர் இரண்டு ராத்திரியாகப் பிசைந்து வைத்திருக்கிறார். தெருவோரத்திலிருந்து ஒரு பிடி மணலும் சேர்த்திருக்கிறார். தீப்பெட்டியின் உள்தட்டுதான் அச்சு. மூன்று சின்னச் சுடாத செங்கல், விளிம்பு சிதையாமல், ரேடியேட்டரின் சூடு நேராகப் படாதபடி காகிதம் மறைத்து வரிசையாகக் காய்கின்றன. நடுக் கல்லின் முகத்தில் நகத்தால் மூன்று விரல் தடம் ஒன்று போட்டிருந்தார்.

எடுத்துப் பெட்டியில் வைக்கப் போனேன். "தொடாதே, ஈரம் இருக்கு. மடியில வச்சுக்கிட்டுப் போவோம்" என்றார். ரீடிங் வரைக்கும் தட்டில் ஏந்தியபடியே வந்தார்.